ஆகாய தூரத்தைவிடக் குறைவான சாலையா?

பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை 2024-லேயே முடிந்திருக்க வேண்டியது. கெடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு புதுக் கெடுவுக்கும் ஒரு கட்டுக் கடிதம் வருகிறது, பெரும்பாலானவற்றில் ஒரே சந்தேகம். இணையத்தில் தேடினால் இரு நகரங்களுக்கும் ‘ஆகாய தூரம்’ சுமார் 290 கி.மீ. என்கிறது. விரைவுச்சாலையோ 262 கி.மீ.தானாம். நேர்கோட்டைவிடச் சாலை எப்படிக் குறையும்?

குறையவே குறையாது. அதற்காக 262 பொய்க் கணக்கும் இல்லை. கர்நாடகத்தில் 71, ஆந்திரத்தில் 85, தமிழ்நாட்டில் 106. கூட்டினால் சரியாக வருகிறது. விஷயம் எங்கிருந்து எங்கே அளந்தார்கள் என்பதில் இருக்கிறது. சாலை தொடங்குவது ஹொஸ்கோட்டையில், முடிவது ஸ்ரீபெரும்புதூர் அருகே. பெயரில் இரண்டு மாநகரங்கள் இருக்கின்றன, அளவில் இரண்டுமே இல்லை.

விடுபட்டதைச் சேர்த்துப் பாருங்கள். பெங்களூரு நகர மையத்திலிருந்து ஹொஸ்கோட்டைக்கு 25 கி.மீ.க்கு மேல், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை மையத்துக்குச் சுமார் 40. ஆக மொத்தம் 330-ஐத் தொடும். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக இப்போது போகும் பாதை ஏறத்தாழ 350. 262-ஐ 350-க்குப் பக்கத்தில் வைத்தால் 90 கி.மீ. மிச்சம்போலத் தோன்றும்; உள்ளபடி மிச்சம் 20 சொச்சம். அளவில் சேராத அந்த இரு முனைகளில்தான் டின் பேக்டரி, கே.ஆர்.புரம் தொங்குபாலம், மதுரவாயல், பூந்தமல்லி எல்லாம் வருகின்றன. மாலை ஆறு மணிக்கு அங்கே மாட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கும் இதே கதைதான். 2022 மே மாதம் ரூ.14,870 கோடி மதிப்பில் அடிக்கல் நாட்டியபோது, பயணம் 2–3 மணி நேரம் ‘குறையும்’ என்றார்கள். வாய்மாறி வாய்மாறி அது ‘இரண்டே மணி நேரத்தில் சென்னை’ ஆகிவிட்டது. 262 கி.மீ.யை 120 கி.மீ. வேகத்தில், பிரேக்கில் கால் வைக்காமல் ஓட்டினால் இரண்டேகால் மணிக்குள் முடியும். அதுவும் ஸ்ரீபெரும்புதூர் வரைதான்.

சாலையை மட்டும் குறை சொல்வானேன்? அந்த 290 கி.மீ.யும் எந்த விமானமும் பறக்காத தூரம். அது நகர மையத்துக்கும் நகர மையத்துக்கும் வரைபடத்தில் இழுத்த கோடு. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு நேர்கோடு 270 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மையத்தைவிட்டு விமான நிலையம் தள்ளிப் போனதால் கிடைத்த லாபம் அது. இறங்கியபின் பெங்களூரு மையத்திலுள்ள மெஜஸ்டிக் போக டாக்சிக்குக் கொடுக்கும்போது வட்டியோடு திரும்பப் போய்விடும்.

மற்ற சந்தேகங்கள்:

அவ்வளவு பக்கம் என்றால் விமானத்துக்கு ஏன் ஒரு மணி நேரம்? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்கக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்துதான்.

ரயிலில் எவ்வளவு? காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகச் சுமார் 360 கி.மீ.

பூமியின் வளைவால் கணக்கு மாறுமா? இந்தத் தூரத்துக்குக் கவலைப்பட வேண்டாம்.

சுங்கக் கட்டணம்? ஓட்டிய சாலையின் நீளத்துக்குத்தான். டின் பேக்டரி நெரிசல் இலவசம்.