உங்களுக்குத் தெரியுமா? மழைக்கு இடம் விட்ட நகரங்கள்

● நெதர்லாந்தின் ராட்டர்டாமில் உள்ள ஒரு கூடைப்பந்து மைதானம் கனமழை பெய்தால் குளமாகிவிடும். வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். 2013-இல் திறக்கப்பட்ட பென்தம்பிளைன் சதுக்கத்தில் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து சுமார் 17 லட்சம் லிட்டர் மழைநீரைத் தாங்கும். சாதாரண மழைக்கு ஆழமில்லாத இரண்டு மட்டும் நிரம்பும். கொட்டித் தீர்த்தால்தான் பந்து விளையாடும் பெரிய பள்ளத்துக்குத் தண்ணீர் போகும். வெயில் நாள்களில் பிள்ளைகள் அங்கே சறுக்குப் பலகையும் ஓட்டுகிறார்கள். வடிவமைப்பைத் தீர்மானிக்கப் பக்கத்துப் பள்ளி மாணவர்களையும் தேவாலயத்துக்கு வருகிறவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள்.

● அதே ஊரில் மியூசியம்பார்க் கார் நிறுத்தத்துக்குள் 1 கோடி லிட்டர் கொள்ளும் மழைநீர்த் தொட்டி இருக்கிறது.

● டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சில இடங்களில் 15 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டு நிலவறைகள், கடைகள், சாலைகள் எல்லாம் மூழ்கின. மறு ஆண்டே பெருமழைக்கென்று ஒரு தனித் திட்டம் தயாரானது. குழாய்களை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு போவதைவிட, தெருவையும் பூங்காவையும் மழைக்குத் திறந்துவிடுவது செலவு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஊர் முழுக்கச் சுமார் 300 பணிகள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது எங்கேவ் பூங்கா. கிட்டத்தட்ட நூறு ஆண்டு பழைய பூங்காவின் மூன்று பக்கமும் தாழ்வான சுவர் எழுப்பி, 2 கோடி லிட்டருக்கும் மேல் தண்ணீர் நிற்கும்படி செய்துவிட்டார்கள். 2019-இல் மறுபடி திறந்தபோதும் அது பூங்காவாகவே இருந்தது. மற்ற நாள்களில் அந்தச் சுவரில் உட்கார்ந்து கதை பேசலாம்.

● சுவீடனின் மால்மோ நகரில் ஆகஸ்டன்போரி என்ற குடியிருப்பு 1950 வாக்கில் எழுந்தது. சாக்கடையும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடியதால், மழைக்கு மழை நிலவறைகளில் அழுக்குத் தண்ணீர் ஏறும். குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். 1998-இல் தொடங்கிய சீரமைப்பில் மழைநீரைக் குழாயிலிருந்து பிரித்து, முற்றங்கள் வழியே திறந்த வாய்க்காலாக ஓடவிட்டார்கள். குட்டைகள் வெட்டினார்கள், கூரைகளில் செடி வளர்த்தார்கள். 2014 ஆகஸ்டில் மால்மோவைப் பெருமழை புரட்டிப் போட்டபோது, சுற்றுப்பகுதிகளைவிட இங்கே பாதிப்பு மிகக் குறைவு. அதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது, வந்தவர்கள் அங்கேயே தங்கத் தொடங்கியதுதான்.

● நெதர்லாந்தின் உட்ரெக்டில் 12-ஆம் நூற்றாண்டு அகழியின் ஒரு பகுதியை 1970-களில் தூர்த்து, கார்களுக்கு விரைவுச்சாலை போட்டார்கள். அந்தச் சாலையைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். 2020 முதல் அகழி மறுபடி நகரைச் சுற்றி முழு வளையமாக ஓடுகிறது.

● மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும் நகரங்கள் தயாராகின்றன. புயலுக்குப் பெயர் வைப்பதுபோல வெப்ப அலைக்கும் பெயர் வைத்த முதல் நகரம் ஸ்பெயினின் செவில். 2022 ஜூலையில் வந்த அந்த அலைக்கு ‘ஸோயி’ என்று பெயர்.

● 2003 கோடையில் பிரான்ஸில் வெயில் சுமார் 15,000 உயிர்களைப் பறித்தது, பெரும்பாலானோர் முதியவர்கள். வெப்பத்தைத் தணிக்கப் பாரிஸ் 2018 முதல் பள்ளி முற்றங்களின் தாரைப் பெயர்த்து மண், மரம், நிழல், தண்ணீர் என்று மாற்றிவருகிறது. சில முற்றங்கள் சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாருக்கும் திறந்திருக்கின்றன.