வாங்குமுன் மண்ணைக் கேளுங்கள்
சிறிய உழவு இயந்திரத்தின் துணைக்கருவிகள்: தெரிவும் பாவனையும்

"ஒரு சின்ன மெசின் கிடைத்தால் நாங்கள் மறுபடியும் எழும்பி விடுவோம், ஃபாதர்." புத்தளம் கரையோரத்தில் இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பங்களிடமிருந்து இச்சொல்லை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதில் நியாயம் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் பலர் மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். வயலையும் மாட்டையும் உழவு இயந்திரத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். பின்னர் யுத்தத்தால் வேறு இடங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. தொழில் தெரிந்த கைகளுக்குக் கருவி இல்லாமற் போவது பெரிய வேதனை.

ஆனால் மெசின் ஒன்று கிடைத்ததால் எழும்பியவர்களையும் கண்டோம், அதே மெசினால் கடனில் விழுந்தவர்களையும் கண்டோம். இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் எஞ்சினில் இல்லை. எஞ்சினோடு பூட்டப்படும் துணைக்கருவியிலேதான் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

எமது தவறு ஒன்று

முதலில் எமது பிழையைச் சொல்லிவிடுகிறோம். உடப்புக்கு அண்மையில் ஏழு குடும்பங்கள் கொண்ட சிறு குழுவொன்றுக்கு இருசில்லு உழவு இயந்திரம் ஒன்று வாங்க நாம் உதவினோம். லீசிங் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்தும் இட்டோம். விற்பனையாளர் "முழு செட்" என்று சொன்னார். சுழல் கலப்பை, இழுவைக் கலப்பை, சேற்று வயலுக்கான இரும்புக் கூட்டுச் சில்லுகள், பெட்டி எல்லாம் அதில் அடக்கம். அந்தக் குடும்பங்கள் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் நெல் விதைத்தவர்கள். இரும்புச் சில்லைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது. நாமும் மறுப்புச் சொல்லவில்லை.

உடப்பு நிலமோ கடலுக்கும் முந்தல் களப்புக்கும் இடையே கிடக்கும் மணல். அந்த இரும்புச் சில்லுகள் இங்கு ஒரு நாளாவது சேற்றைக் காணவில்லை. கிடுகுக் கொட்டிலின் ஓரத்தில் உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்தன. தவணைப் பணம் மட்டும் மாதந்தோறும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பாவிக்காத கருவிக்கும் வட்டி உண்டு என்பதை அப்போதுதான் படித்தோம்.

இரண்டு வகைக் கருவிகள்

நாம் லான்ட்மாஸ்டர் என்று அழைக்கும் இயந்திரம் இருசில்லு உழவு இயந்திரமாகும். லான்ட்மாஸ்டர் என்பது ஆரம்ப காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு மெசினின் பெயர். இன்று குபோட்டாவாக இருந்தாலும் சீன மெசினாக இருந்தாலும் எம்மவர் வாயில் எல்லாம் லான்ட்மாஸ்டர்தான். பெரும்பாலும் 7 முதல் 12 குதிரைவலு கொண்ட ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் இதில் இருக்கும். எஞ்சினின் விசை பெல்ட் வழியாகக் கிளச்சுக்கும், அங்கிருந்து கியர் பெட்டிக்கும் செல்கிறது.

இதனோடு பூட்டப்படும் கருவிகள் இரண்டு வகை. முதலாவது வகை இழுபடும் கருவிகள்: இழுவைக் கலப்பை, மட்டப்பலகை, பெட்டி. இவற்றுக்குத் தேவையானது சில்லு நிலத்தைப் பிடிக்கும் பிடி. எஞ்சின் எவ்வளவு பலமாக இருந்தாலும் சில்லு வழுக்கினால் கருவி நகராது. இரண்டாவது வகை எஞ்சின் தானே சுழற்றும் கருவிகள்: சுழல் கலப்பை (ரொட்டவேட்டர்), பெல்ட் பூட்டி இயக்கும் நீர்ப்பம்பு. இவற்றுக்குத் தேவையானது விசையும், அந்த விசையிலிருந்து மனிதரைக் காக்கும் மறைப்பும்.

உலகெங்கும் இதே பிரிவுதான். உங்களுள் பலருக்குக் கனடாவில் உறவினர் இருக்கிறார்கள். குளிர் காலத்தில் வாசலை மூடும் பனியை வாரி எறியச் சிறு உழவு இயந்திரங்களின் முன்னால் அங்கே ஒரு கருவியைப் பூட்டுவார்கள். திருகு போன்ற ஒரு சுருள் பனியை நடுவுக்குக் கூட்டிவர, ஒரு விசிறி அதைக் குழாய் வழியாகத் தூர எறியும். இத்தாலியிலும் ஜப்பானிலும் எமது மெசினைப் போன்ற இருசில்லு இயந்திரங்களுக்கே அக்கருவி உண்டு. பனி இல்லாத ஊரில் அதை எவரும் வாங்குவதில்லை. சேறு இல்லாத ஊரில் இரும்புச் சில்லை வாங்கிய நாமோ அந்த அறிவைக் காட்டவில்லை.

மணல் என்ன சொல்கிறது?

"அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்" என்று முன்னோர் சொன்னார்கள். முருங்கன் பக்கத்துக் களிமண்ணில், கட்டுக்கரைக் குளத்து வயலில் அது சரி. உடப்பு, கற்பிட்டி மணலில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மணலில் உடைப்பதற்குக் கட்டி இல்லை. நாம் இட்ட எருவும் இலைதழையும் மேல் மண்ணிலேயே இருக்கின்றன. ஆழமாகவும் அடிக்கடியும் கிளறினால் அந்த உக்கல் விரைவில் கரைந்துபோகும், ஈரம் காய்ந்துபோகும், மேல் மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். எருவைக் கலந்து பாத்தி அமைக்க 10 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழம் போதும்.

எனவே மணல் நிலத்துக்கு இவ்வாறு தெரிவு செய்யலாம். மரக்கறித் தோட்டத்துக்குச் சுழல் கலப்பை பொருத்தமானது. அதன் கத்திகள் சுழலும்போது மெசினையும் முன்னுக்குத் தள்ளுவதால் சில்லு அதிகம் வழுக்காது. இழுவைக் கலப்பைக்கு மணல் போதிய பிடி கொடுக்காது, அதன் தேவையும் குறைவு. இரும்புக் கூட்டுச் சில்லு இங்கு வேண்டாம். பெட்டி, எரு, விறகு, தேங்காய், தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றை ஏற்றுவதால், ஆண்டு முழுவதும் உழைக்கக்கூடியது அதுவே.

"நாங்கள் ஊருக்குத் திரும்பினால்?" என்று கேட்பீர்கள். 2009 இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள், சிலர் இங்கேயே நிலைத்துவிட்டார்கள், சிலர் ஒரு காலை இங்கும் ஒரு காலை அங்குமாக வைத்திருக்கிறார்கள். இந்த நிலையில் எமது ஆலோசனை இதுதான்: இன்று நிற்கும் மண்ணுக்கான கருவியை இன்று வாங்குங்கள். நாளைய வயலுக்கான கருவியை அந்த வயலில் கால் வைத்தபின் வாங்குங்கள். எஞ்சினை மட்டும் இரண்டு இடத்துக்கும் பொருந்துவதாகத் தெரிவு செய்யுங்கள். அந்த மெசினுக்கான உதிரிப்பாகமும் திருத்துபவரும் இரு ஊர்களிலும் கிடைக்கின்றனவா என்று விசாரியுங்கள்.

ஒரு சிறு கணக்கு

கருவியின் விலையை அது உழைக்கும் ஆண்டுகளால் பிரியுங்கள். வரும் தொகையை, ஆண்டில் அது வேலை செய்யும் நாட்களால் பிரியுங்கள். உதாரணத்துக்கு ஒரு கருவியின் விலை 120,000 ரூபா என்றும், அது ஐந்து ஆண்டு உழைக்கும் என்றும் வைப்போம். ஆண்டுக்கு 24,000 ரூபா. ஆண்டில் 12 நாள் மட்டும் வேலை செய்தால் ஒரு நாளுக்கு 2,000 ரூபா விழும். 60 நாள் வேலை செய்தால் 400 ரூபா மட்டுமே. இதனோடு வட்டியையும் டீசலையும் திருத்தச் செலவையும் கூட்டுங்கள். வாடகைக்கு எடுப்பது அதைவிட மலிவாக இருந்தால், வாங்காமல் வாடகைக்கே எடுங்கள், அல்லது மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்குங்கள். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. மெசின் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

பழைய கருவி வாங்குவோருக்கு

பழையதை வாங்குவது தவறல்ல, பாராமல் வாங்குவதே தவறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் இயக்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. கறுப்புப் புகை வந்தால் காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம், அல்லது டீசல் தெளிக்கும் பாகம் பழுதாகியிருக்கலாம்.

சுழல் கலப்பையின் தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பெயரிங் தேய்ந்துவிட்டது. தண்டின் ஓரத்தில் ஒயில் கசிகிறதா என்று பாருங்கள். கசியும் வழியாகவே மணல் உள்ளே போகும். கத்திகளைப் புதிய கத்தி ஒன்றுடன் ஒப்பிடுங்கள். மணல் அரத்தைப்போல் இரும்பைத் தின்னும் என்பதால், கத்தி மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் முக்கியம், அக்கருவி உங்கள் மெசினில் பொருந்துமா என்பது. ஜப்பான் மெசினின் சுழல் கலப்பை சீன மெசினில் அப்படியே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். பூட்டிக் காட்டச் சொல்லி, ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

பாவிக்கும்போது

சுழல் கலப்பையின் வளைந்த கத்திகளைப் பூட்டும் திசையில் ஒரு நுணுக்கம் உண்டு. வளைவுகள் எல்லாம் உட்பக்கம் பார்த்தால் மண் நடுவில் குவிந்து மேடாகும். வெளிப்பக்கம் பார்த்தால் நடுவில் வாய்க்கால் விழும். மாறிமாறிப் பூட்டினால் நிலம் மட்டமாக வரும். பாத்திக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். எப்படிப் பூட்டினாலும் கத்தியின் கூரான ஓரமே முதலில் மண்ணில் இறங்க வேண்டும்.

காற்று வடிகட்டியை நாள்தோறும் காலையில் திறந்து பாருங்கள். ஒயில் உள்ள வடிகட்டியானால் அடியில் மணல் தேங்கியதும் கழுவிப் புதிய ஒயில் விடுங்கள். கரையோரத்தில் எஞ்சின் சாவதற்கு முதற் காரணம் மணல், இரண்டாவது உப்பு. வேலை முடிந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பழைய எஞ்சின் ஒயிலைத் துணியால் கத்திகளில் பூசி வையுங்கள். கழிவு ஒயிலைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது.

பம்பும் கிணறும்

நீர்ப்பம்பைப் பூட்டுவோர் இதை மனதில் வையுங்கள். இத்தகைய மணல் நிலத்தில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாக உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. பட்டையாலோ துலாவாலோ இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் இருந்தது. எஞ்சின் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. ஒரே மூச்சில் இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலெழும், உங்கள் பயிரும் பக்கத்து வீட்டுக் குடிநீரும் கெடும். சிறிய பம்பைத் தெரிவு செய்யுங்கள். கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மீண்டும் இறையுங்கள். தண்ணீர் உப்புக் கரித்தால் உடனே நிறுத்துங்கள்.

கையும் காலும் உயிரும்

புல்லோ கொடியோ சுழல் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்கக் கையை விடுவதே பெரிய ஆபத்து. கனடாவிலும் பனிக் கருவியில் ஈரப்பனி அடைபட்டதும் கையை விட்டு விரலை இழப்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் நின்றபின்பும் சிக்கிய கருவியில் விசை தேங்கியிருந்து, அடைப்பு நீங்கியதும் ஒரு துள்ளுத் துள்ளும். ஆகவே எஞ்சினை நிறுத்துங்கள், கத்திகள் நிற்கும்வரை பொறுங்கள், ஒரு தடியால் எடுங்கள்.

சுழல் கலப்பை சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னோக்கி ஓட்டவே வேண்டாம். மெசின் உங்கள் கால்மேல் ஏறும். அதைத் தடுக்கும் பூட்டு உள்ள மெசின்களில் அப்பூட்டைக் கழற்றாதீர்கள். நீண்ட சாரத்தோடு பெல்ட்டுக்கு அருகில் போகாதீர்கள். சாரத்தை மடித்துக் கட்டுவது போதாது, காற்சட்டை அணியுங்கள். சிறுவர்களைப் பெட்டியின் இணைப்புக் கம்பியில் ஏற்றாதீர்கள்.

பெட்டி இழுப்போர் ஒன்றைக் கட்டாயம் பழக வேண்டும். சமதரையில் வலப்பக்கப் பிடியை அழுத்தினால் மெசின் வலப்பக்கம் திரும்பும். பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது பெட்டி மெசினைத் தள்ளுவதால், அதே பிடி மெசினை இடப்பக்கம் திருப்பிவிடும். கால்வாய்ப் பாலத்து இறக்கத்தில் இது தெரியாதவர் மெசினோடு பள்ளத்தில் விழுவார். இறக்கத்தில் குறைந்த கியரில், பிடிகளைத் தொடாமல், கைபிடியாலேயே திருப்பி மெதுவாக வாருங்கள். முதலில் வெறும் பெட்டியோடு பழகுங்கள்.

முடிவாக

அந்த ஏழு குடும்பங்களும் இரும்புச் சில்லுகளையும் இழுவைக் கலப்பையையும் நெல் வயல் உள்ள ஒருவருக்கு நட்டத்தில் விற்றார்கள். அப்பணத்தில் இரண்டு தவணை அடைந்தது. சுழல் கலப்பையும் பெட்டியும் மீதியைத் தாமே உழைத்துக் கட்டின. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்ற உவமையை எத்தனையோ ஞாயிறுகளில் நாம் பிரசங்கித்திருக்கிறோம். அதை எமக்கே கற்பித்தவர்கள் அந்தக் குடும்பங்கள்தான்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க:

1. எமது குடும்பங்களிடம் பாவிக்காமல் கிடக்கும் கருவிகள் எவை? அவற்றை விற்கலாமா, மாற்றிக்கொள்ளலாமா?
2. வாங்க நினைக்கும் கருவி ஆண்டில் எத்தனை நாள் வேலை செய்யும்?
3. சேர்ந்து வாங்கினால் முறை வைப்பது யார், திருத்தச் செலவைக் கொடுப்பது யார், ஒரு குடும்பம் ஊர் திரும்பினால் அதன் பங்கு என்னவாகும்? இம்மூன்றையும் வாங்குமுன் எழுதி வைத்தோமா?