நம்பர் 1 நாற்காலியை உதறிவிட்டு இமயமலைக்கு மேலே பறந்த "பாடும் கௌபாய்"!

கையிலே கிட்டார். இடுப்பிலே துப்பாக்கி. தலையிலே பெரிய தொப்பி. பாட்டுப் பாடிக்கொண்டே குதிரையில் வருவார் ஹீரோ. வில்லன் கூட்டத்தை நையப் புடைப்பார். வேலை முடிந்ததும் மறுபடியும் ஒரு பாட்டு!

இப்படி அமெரிக்காவையே சொக்க வைத்தவர் ஜீன் ஆட்ரி. "பாடும் கௌபாய்" என்றால் ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர் முகம்தான்.

தந்தி ஆபீசில் கச்சேரி

ஜீன் ஆட்ரி 1907ம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். வாலிப வயதில் ஒக்லஹாமாவில் ரெயில்வே தந்தி ஆபரேட்டர் வேலை. ராத்திரி டூட்டி. தந்தி வராத நேரத்தில் பொழுது போகவேண்டுமே? கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவார்.

அந்த ராத்திரிப் பாட்டுதான் அவரை ரேடியோவுக்கும், இசைத்தட்டுக்கும், கடைசியில் சினிமாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1935ல் "டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்" படத்தில் கதாநாயகன் ஆனார்.

பணக் கஷ்டத்தில் அமெரிக்கா தவித்த காலம் அது. அவர் படங்கள் சின்ன பட்ஜெட் படங்கள். சுமார் ஒரு மணி நேரம்தான் ஓடும். ஆனால் நிலத்தை ஏமாற்றிப் பறிக்கும் மோசடிப் பேர்வழியை ஹீரோ மடக்கிப் பிடித்தால் விவசாயிக்குக் குஷி வராதா? சின்ன ஊர்த் தியேட்டர்களில் கூட்டம் அலைமோதியது. அவருடைய குதிரை "சாம்பியனு"க்கும் ரசிகர்கள் உண்டு!

1937 முதல் 1942 வரை, கௌபாய் பட நடிகர்களில் வசூலில் நம்பர் 1 இவரே.

ரேடியோவில் சத்தியப்பிரமாணம்

அப்போது வந்தது உலக யுத்தம். வயது 34. கை நிறையப் பணம். "நமக்கு எதற்கு வம்பு?" என்று அவர் ஒதுங்கவில்லை. 1942 ஜூலையில், தன்னுடைய ரேடியோ நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே ராணுவத்தில் சேர சத்தியப்பிரமாணம் எடுத்துக்கொண்டார். நாடே அதைக் கேட்டது.

சார்ஜெண்டாகச் சேர்ந்தவர், பிறகு விமானி ஆனார். சரக்கு விமானத்தில் இமயமலைக்கு மேலே பறந்தார். நமது அசாமிலிருந்து சீனாவுக்கு பெட்ரோலும் தளவாடமும் கொண்டுபோன பயங்கரமான வான்வழி அது. யுத்த காலத்தில் அந்தப் பாதையில் நூற்றுக்கணக்கான விமானங்கள் நொறுங்கின!

நாற்காலி போச்சு!

அவர் அங்கே பறந்துகொண்டிருக்க, இங்கே ஹாலிவுட் சும்மா இருக்குமா? இன்னொரு பாடும் கௌபாயான ராய் ரோஜர்சைத் தூக்கி நிறுத்தியது. 1943 முதல் அவர்தான் நம்பர் 1. யுத்தம் முடிந்து ஜீன் ஆட்ரி திரும்பி வந்து நடித்தார். ஆனால் அந்த முதல் இடம் மட்டும் திரும்பக் கிடைக்கவே இல்லை.

மனுஷன் அசரவில்லை!

1949ல் சிவப்பு மூக்கு மான் "ருடால்ப்" பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டு வந்தது. முதலில் அவருக்கு அது பிடிக்கவில்லை. மனைவி ஐனா வற்புறுத்தியதால்தான் பாடினார். இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றுத் தீர்ந்தன!

1961ல் பேஸ்பால் டீம் ஒன்றுக்கே முதலாளி ஆனார். ஹாலிவுட் நடைபாதையில் சினிமா, ரேடியோ, இசைத்தட்டு, டெலிவிஷன், மேடை என்று ஐந்து பிரிவிலும் நட்சத்திரம் பதிக்கப்பட்ட ஒரே கலைஞர் இவர்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

1998 அக்டோபர் 2ந்தேதி, 91வது வயதில் ஜீன் ஆட்ரி காலமானார்.

நாற்காலி போனால் என்ன? ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த மான் பாட்டு ஒலிக்கிறது. தந்தி ஆபீஸ் வாலிபரின் குரலை, அவர் பெயர்கூடத் தெரியாத குழந்தைகள் இன்றைக்கும் ரசித்துக் கேட்கிறார்கள்.