சட்டையில் ஏறும் தமிழெழுத்து

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது தோட்டப் பள்ளித் தலைமையாசிரியருக்கு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று மழை, மற்றொன்று சட்டை. மழையை நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. சட்டையைப் பற்றியதே இக்கட்டுரை.

எங்கள் பள்ளியில் மாணவர் நாற்பதுக்கும் குறைவு. மூன்று இல்லங்களாகப் பிரித்தால் ஓர் இல்லத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சட்டைகளே வேண்டும். முன்பெல்லாம் இந்தக் கணக்கைச் சொன்னவுடன் அச்சுக் கடைக்காரர் தயங்குவார். “ஐம்பதுக்குக் குறைஞ்சா கட்டுப்படியாகாதுங்க சார்” என்பார். 150 பேருக்கு மேற்படாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று நம் நாட்டில் வகைப்படுத்துகின்றனர். அத்தகைய பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரிய அன்பர்கள் இந்தப் பதிலைப் பன்முறை கேட்டிருப்பார்கள். இன்று அந்நிலை மாறியிருக்கிறது. மாற்றியது படல மாற்று அச்சு என்னும் முறை. கடைகளில் டி.டி.எஃப். என்ற மூன்று எழுத்துகளால் இதனை வழங்குவர்.

பழைய முறைகளும் அவற்றின் இடர்களும்

கடைக்காரரைக் குறை கூறுவது முறையன்று. பட்டுத்திரை அச்சில் நிறத்துக்கு ஒரு திரை வேண்டும். சட்டத்தில் இறுக இழுத்துக் கட்டிய நுண்ணிய வலையில் ஒளிபட்டால் இறுகும் பசையைப் பூசி, உருவம் வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, அதன் வழியே மையைத் தள்ளுவர். பள்ளிச் சின்னத்தில் நான்கு நிறம் இருந்தால் நான்கு திரைகள். ஒரு சட்டை அடித்தாலும் ஐந்நூறு அடித்தாலும் திரை செய்யும் உழைப்பு ஒன்றே. ஐந்நூறில் பகிர்ந்தால் அச்செலவு சிறிது. பன்னிரண்டில் பகிர்ந்தால் பெரிது. நாம் வகுப்பில் கற்பிக்கும் வகுத்தல் கணக்குத்தான் இது.

ஆவியேற்ற அச்சில் திரை வேண்டா. சாயம் வெப்பத்தால் ஆவியாகி நூலுக்குள் புகும். எனினும் அது பாலியெஸ்டர் துணியில்தான் நிலைக்கும், பருத்தியில் நில்லாது. கருநிறச் சட்டையில் தெரியவும் செய்யாது. நிறத்தாளை வெட்டி ஒட்டும் வினைல் முறையிலோ, எழுத்துக்கு வேண்டாத துணுக்குகளைக் கையால் பிடுங்கி எடுக்கவேண்டும். சுழியும் புள்ளியும் நிறைந்த நம் எழுத்துக்கு அது பெருந்தொல்லை.

ஒன்றில் அச்சிட்டு இன்னொன்றுக்கு மாற்றும் கருத்து மட்டும் புதிதன்று. 1756ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர் தாளில் அச்சிட்ட சித்திரத்தைச் சுவரோடுகளுக்கு மாற்றிக் காட்டினர். ஆறு மணி நேரத்தில் 1,200 ஓடுகளுக்கு மேல் அச்சிட்டதாக அவர்கள் உறுதிமொழி அளித்தனர். தாளுக்குப் பதில் பிளாஸ்டிக் படலமும், ஓட்டுக்குப் பதில் துணியும் கொண்டு அதே கருத்தைச் செயற்படுத்தும் இம்முறை 2020ஆம் ஆண்டையொட்டிச் சந்தையில் பரவலாயிற்று.

படலத்தில் நிகழ்வது என்ன?

முதலாவது, கணினியில் உள்ள உருவத்தை இடவலமாகத் திருப்பி, ஒருபுறம் பூச்சிட்ட பாலியெஸ்டர் படலத்தில் அச்சிடுவர். உருளைக்கிழங்கை வெட்டி முத்திரை செய்யும் ஓவிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதன் காரணம் விளங்கும். கவிழ்த்து ஒற்றும்போது இடம் வலமாகும்.

இரண்டாவது, நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நிற மைகள் முதலில் விழும். அவற்றின்மேல் வெள்ளை மை விழும். தாளில் வெள்ளைதான் அடியில் இருக்கும். இங்கோ அது மேலே வருகிறது. படலத்தைத் துணிமேல் கவிழ்க்கும்போது வெள்ளை அடியிலும் நிறம் மேலும் அமைந்துவிடும் என்பதே இதன் நுட்பம். நிற மைகள் ஒளி ஊடுருவக்கூடியவை. வெள்ளை அடித்தளம் இல்லையேல் கறுப்புச் சட்டையில் மஞ்சள் மறைந்துபோகும்.

மூன்றாவது, மை ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வெண்ணிற ஒட்டுப்பொடியைத் தூவுவர். ஈரமான இடத்தில் ஒட்டிய பொடி நிற்கும்; எஞ்சியது உதிர்ந்துவிடும். பிறகு படலத்தை ஏறத்தாழ 110 முதல் 130 பாகை சென்டிகிரேட் வரை சூடாக்கினால், பொடி உருகி மையோடு ஒன்றுபடும்.

நான்காவது, படலத்தைச் சட்டையின்மேல் கவிழ்த்து வெப்ப அழுத்தியில் 150 முதல் 165 பாகை வரையான சூட்டில் பத்து முதல் இருபது நொடி அழுத்துவர். மைக்கும் துணிக்கும் ஏற்ப இந்த அளவுகள் மாறும். ஒட்டுப்பொடி மீண்டும் இளகி நூலிழைகளைப் பற்றி, ஆறியதும் இறுகும். படலத்தை உரித்தெடுத்தால் எழுத்து சட்டையில் நிற்கும்.

திரையும் இல்லை, நிறத்துக்குத் தனிக்கூலியும் இல்லை. பருத்தி, பாலியெஸ்டர், இரண்டும் கலந்த துணி ஆகிய எல்லாவற்றிலும் ஒட்டும். தொப்பிக்கும் துணிப்பைக்கும் இதுவே போதும். தண்ணீர்ப் புட்டி, பென்சில் பெட்டி போன்ற வன்பொருள்களுக்கு, புறஊதா ஒளியால் இறுகும் மை கொண்ட வேறு வகைப் படலம் உண்டு. அதற்கு வெப்பம் வேண்டா. ஆனால் அது துணிக்கு ஆகாது.

குறைகளையும் அறிதல் வேண்டும்

இந்த அச்சு நூலுக்குள் புகுவதில்லை. மேலே ஒரு தோல்போல் படிகிறது. மார்பு முழுவதும் பெரிய கட்டமாக அடித்தால் வியர்வை வெளியேறாது. நம் வெயிலில் ஓடும் பிள்ளைக்கு அது துன்பம். ஆகவே இடைவெளி விட்ட எழுத்தும் சிறிய சின்னமுமே ஏற்றவை. சிவப்புப் பாலியெஸ்டர் சட்டையில் சூடு மிகுந்தால், துணியின் சாயமே ஆவியாகி வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். காற்றில் ஈரம் மிகுந்த நம் நாட்டில், அச்சிடாத இடத்திலும் பொடி ஒட்டிக்கொண்டு, எழுத்தைச் சுற்றிச் சொரசொரப்பு உண்டாவதும் உண்டு. நல்ல கடைகளில் அச்சிடும் அறையின் ஈரத்தைக் கட்டுப்படுத்தி வைப்பார்கள். உரித்தெடுத்த படலம் குப்பைக்கே போகிறது என்பதையும் மறக்கலாகாது.

எங்களுக்கு நேர்ந்தது

ஓராண்டு எங்கள் சட்டைகளில் ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி’ என்று அடிக்கக் கொடுத்திருந்தோம். எங்கள் கணினியில் எழுத்து சரியாகவே இருந்தது. கடையின் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. அங்கிருந்த வரைகலைச் செயலி தமிழைச் சேர்த்துக் காட்டவும் அறியவில்லை. அச்சிட்ட இளைஞருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மாதிரியைக் கைப்பேசியில் அனுப்பினார். கூட்டம் ஒன்றில் இருந்த நான் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, ‘சரி’ என்று பதில் அனுப்பினேன்.

போட்டிக்கு முதல்நாள் மாலை சட்டைகள் வந்தன. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி விரல் வைத்துப் படித்துப் பார்த்து, “சார், இது தப்பா இருக்கே” என்றாள். தகரத்துக்கு முன் நிற்கவேண்டிய இரட்டைக் கொம்பு பின்னால் நின்றது; புள்ளிகள் எழுத்தைவிட்டு விலகி நின்றன. வகுப்பில் அந்தப் பிழைக்குச் சிவப்பு மையால் கோடிடுகிற நானே அதற்கு ஒப்புதல் அளித்திருந்தேன். ஒட்டிய அச்சை எளிதில் உரிக்கவும் இயலாது. மறுநாள் பிள்ளைகள் சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஓடினார்கள்.

பிறகு ஒரு வாரத்தில் புதிய சட்டைகள் வந்தன. பட்டுத்திரையாக இருந்தால் திரையையும் புதிதாகச் செய்யவேண்டியிருக்கும். இங்கே கோப்பைத் திருத்தினால் போதுமானதாயிற்று. ஆயினும் துணிக்கான செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இரண்டாம் முறை ஏற்கவேண்டி வந்தது.

அன்று முதல் நாங்கள் கைக்கொள்ளும் முறை வருமாறு:

1. எழுத்தைத் தட்டச்சு வடிவில் அனுப்பாமல், கோட்டுருவமாக மாற்றி அனுப்புகிறோம். இயலாதபோது, பின்புலம் இல்லாத படமாக, சட்டையில் வரவேண்டிய அளவிலேயே, அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அனுப்புகிறோம். அப்போது கடையின் கணினியில் எழுத்து பிரியாது.

2. தடித்த எழுத்தையே தேர்கிறோம். மிக மெல்லிய கோட்டிலும் சிறிய புள்ளியிலும் பொடி போதிய அளவு நிற்காது, சலவையில் உதிர்ந்துவிடும். மெய்க்குப் புள்ளி வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. புள்ளி உதிர்ந்தால் ‘தமிழ்’ ‘தமிழ’ ஆகிவிடும்.

3. மாதிரியை உரிய அளவில் தாளில் எடுத்து, இரண்டு ஆசிரியர்கள் எழுத்தெழுத்தாகப் படித்துக் கையொப்பமிடுகிறோம்.

4. முதலில் ஒரே ஒரு சட்டையை அடித்து, ஒரு நாள் கழித்துத் துவைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு இசைவளிக்கிறோம். உட்புறத்தை வெளியாக்கித் துவைக்கவும், அச்சின்மேல் நேராக இஸ்திரி போடாதிருக்கவும் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறோம்.

பன்னிரண்டு பிள்ளைகள் மட்டுமே உள்ள இல்லமும் இன்று தன் பெயரைத் தமிழில் அணிந்து ஓட முடிகிறது. பொறி தந்த இந்த வாய்ப்பு, பிழை பார்க்கும் பொறுப்பைக் கடையிடமிருந்து நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. அடுத்த போட்டிக்குச் சட்டை அடிக்கக் கொடுக்கும் ஆசிரிய அன்பர்கள், மாதிரியை முதலில் ஒரு மாணவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.