11,000 அடிக்குள் ஒரு கதை

பாகவதரின் குரலைப் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று. அந்தக் குரல் போர்க்காலத்தில் எப்படித் திரையில் தப்பிப் பிழைத்தது என்பதை இன்று சொல்கிறேன்.

சுந்தர்ராவ் நட்கர்ணி மங்களூரில் பிறந்தவர். தமிழ் அவருடைய தாய்மொழியன்று. ஊமைப்பட காலத்தில் நடிகராக இருந்தவர், படத்தொகுப்பிலும் கைதேர்ந்து இயக்குநரானார். 1942இல் தமிழில் ‘என் மனைவி’யை இயக்கினார். அந்நாளில் படச்சுருள் கப்பலில் வரவேண்டிய பண்டம். போரினால் அது அருகிப்போக, ஒரு படம் 11,000 அடியை மிஞ்சக்கூடாதென அன்றைய இந்திய அரசு கட்டளையிட்டது.

கணக்குப் பாருங்கள். ஓர் அடியில் 16 சட்டங்கள். வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். அப்படியானால் நிமிடத்துக்கு 90 அடி. 11,000 அடி என்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் படம் பார்த்துப் பழகிய சனம் அது! மூன்று நிமிடப் பாட்டு ஒன்றுக்கே 270 அடி போய்விடும்.

இந்த நெருக்கடியில்தான் 1944 தீபாவளிக்கு அவருடைய ‘ஹரிதாஸ்’ வந்தது. இளங்கோவன் வசனம், பாட்டுகளோ ஏறத்தாழ இருபது. நட்கர்ணி பாட்டில் கைவைக்கவில்லை, கதையைத்தான் இறுக்கினார். பெற்றோரைத் துரத்தியவன் கெட்டுத் திருந்தும் கதை, கதாகாலட்சேபத்தில் கேட்டதுதானே! சென்னை பிராட்வே தியேட்டரில் படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாகவதரோ படம் வந்த சில வாரங்களிலேயே, டிசம்பரில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார்.

படத்தொகுப்பு என்றால் வேண்டாததை வெட்டுவது என்றே நானும் எண்ணியிருந்தேன். 1993இல் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டு முற்றத்தில் அந்த எண்ணம் மாறியது. குடாநாட்டில் மின்சாரம் நின்று மூன்று வருடம். மண்ணெண்ணெய் யானை விலை. அயலவர் காசு சேர்த்து, ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து ‘ஹரிதாஸ்’ போட்டோம். எண்ணெயை மிச்சம் பிடிக்க, மெஷின்காரப் பொடியன் முதற் பாட்டையே வேகமாக ஓடவிட்டான். இளமையில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் அந்தப் படத்தைப் பார்த்திருந்த எங்கள் அப்பு, சாய்மனைக் கதிரையில் இருந்து நிமிர்ந்தார்.

“மோனை, பாட்டை ஓட்டாதை. கதை எங்களுக்குத் தெரியும்.”

பொடியன் கசற்றைப் பின்னுக்குச் சுற்றினான். அதன்பின் ஒரு பாட்டும் தப்பவில்லை. படம் முடியக் கால் மணி இருக்கையில் ஜெனரேற்றர் இருமிவிட்டு நின்றது. எவரும் எழும்பவில்லை. மிச்சக் கதையை அப்புவே இருட்டில் சொல்லி முடித்தார்.