குடும்பப் படங்களை வீட்டிலேயே சரிசெய்யலாம்: கிம்ப் எனும் இலவச மென்பொருள்

தேர்வுக்கு விண்ணப்பிக்கும் மகனின் புகைப்படத்தை 50 கேபிக்குள் சுருக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மருமகனுக்கு ஆதார் நகல் அனுப்ப வேண்டும். மறைந்த பாட்டனாரின் மங்கிப்போன படத்தைத் தெளிவாக்க வேண்டும். இப்படி ஏதாவது வந்தால் பென்டிரைவை எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போகிறோம், அல்லது கடைக்காரரின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். இளைஞர்கள் என்றால், தேடியதும் முதலில் வரும் ஏதோ ஓர் இணையதளத்தில் படத்தை ஏற்றிவிடுகிறார்கள்.

வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் நம் படம் அந்தக் கணினியிலேயே கிடக்கிறது. வீட்டுப் பெண்களின் படங்களும் அடையாள அட்டைகளும் அதில் அடக்கம். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குப் பிறகு அந்தக் கணினியில் உட்காருபவர் யார் என்று நமக்குத் தெரியாது.

இதற்காக ஃபோட்டோஷாப் வாங்கத் தேவையில்லை. 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா கட்டினால்தான் கிடைக்கின்றன. பலர் கிராக் செய்த பதிப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். "முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்பதுதான் அதோடு வரும் முதல் அறிவுரை. வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டைப் பூட்டுவது போன்றது இது. அடுத்தவர் உழைப்பை அனுமதியின்றி எடுத்துக்கொள்வது சரியா என்ற கேள்வி வேறு இருக்கிறது.

அனுமதியோடும் செலவின்றியும் கிடைப்பது கிம்ப். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995ல் இதைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்தது. நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்கும் கொடுக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கிம்ப் டாட் ஓஆர்ஜி என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

விண்ணப்பப் படம் எளிது. கிராப் கருவியில் அகல-உயர விகிதத்தை 35:45 என்று நிலைநிறுத்தி முகத்தைச் சுற்றி வெட்டுங்கள். பிறகு இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ் எடுத்து 413க்கு 531 பிக்சல் கொடுங்கள். 35க்கு 45 மில்லிமீட்டர் படம் 300 டிபிஐயில் அச்சாக இந்த அளவு போதும். 4க்கு 6 அங்குலத் தாளில் இப்படி எட்டுப் படங்கள் அடங்கும். சேவ் கொடுத்தால் கிம்ப் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவில்தான் சேமிக்கும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். அங்கே குவாலிட்டி அளவைக் குறைக்கக் குறைக்க, கோப்பு எத்தனை கேபி ஆகிறது என்பதை முன்னோட்டத்தைத் தேர்வு செய்து பார்க்கலாம். வெள்ளைப் பின்னணிக்கு வெள்ளைச் சுவர் முன் நிறுத்திப் படம் எடுப்பதே நல்லது. அமெரிக்க விசா போன்றவற்றுக்குத் திருத்திய படத்தை ஏற்பதில்லை.

பழைய படம்தான் பொறுமை கேட்கும் வேலை. பல குடும்பங்களில் முன்னோரின் ஒரே படம் ஹஜ்ஜுக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ எடுத்த பாஸ்போர்ட் படமாகத்தான் இருக்கும். அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கைபேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். முதலில் லேயரை நகலெடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கருப்பு வெள்ளைப் படம் மஞ்சளாகியிருந்தால் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்தால் மஞ்சள் போய்விடும். அடுத்து லெவல்ஸ்: அங்குள்ள வரைபடத்தின் இரு முனைகளிலும் உள்ள முக்கோணங்களை, மலை தொடங்கும் இடத்துக்கு நகர்த்தினால் மங்கல் விலகும். கீறல்களுக்கு ஹீல் கருவி. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்தைக் கிளிக் செய்து, பிறகு கீறல் மேல் தேய்க்க வேண்டும். தூரிகை கீறலைவிடச் சற்றே அகலமாக இருந்தால் போதும். தாடி ஓரம், தொப்பி விளிம்பு போன்ற இடங்களில் ஹீல் நிறத்தைக் கலக்கிவிடும். அங்கே குளோன் கருவியை எடுங்கள்.

முகத்தில் அதிகம் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் ஒரே நொடியில் பளிச்சென்று ஒரு முகத்தைத் தருகின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் மங்கிய இடத்தை அவை ஊகித்து நிரப்புகின்றன. வருவது பாட்டனாரின் கண்ணா, வேறு யாரோ ஒருவரின் கண்ணா என்று வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். அவரைப் பார்த்தவர்கள் இருக்கும்போதே காட்டிக் கேட்டுவிடுங்கள். திருத்தாத ஸ்கேனையும் தனியாக வைத்திருங்கள்.

ஆதார் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து அனுப்புவது இப்போது பலருக்குப் பழக்கம். கைபேசியில் மார்க்கர் கொண்டு கிறுக்கினால் போதாது. அந்த மை முழுக் கருப்பாக இல்லாவிட்டால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினாலே எண் தெரிந்துவிடும். கிம்பில் செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து முழுக் கருப்பை நிரப்பி, ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்து அனுப்புங்கள். எக்ஸ்சிஎஃப் கோப்பை அனுப்பக் கூடாது. கருப்புக் கட்டம் தனி லேயரில் இருந்தால் பெறுபவர் அதை நீக்கிவிட்டு எண்ணைப் படிக்கலாம்.

கைபேசியில் லொகேஷன் அனுமதி இருந்தால், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளும் படத்துக்குள் எழுதப்படும். வீட்டுக்குள் எடுத்த படம் வீட்டு முகவரியைச் சொல்லிவிடும் என்று பொருள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இந்த விவரம் நீங்கிவிடும். தரம் குறையாமல் இருக்க டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். கிம்பில் எக்ஸ்போர்ட் செய்யும்போது எக்ஸிஃப், எக்ஸ்எம்பி, தம்ப்நெயில் ஆகிய மூன்றின் டிக்குகளையும் எடுத்துவிட்டால் போதும்.

கிம்பில் குறையும் உண்டு. அச்சகங்கள் கேட்கும் சிஎம்ஒய்கே நிற முறையில் நேரடியாக வேலை செய்ய அதில் வசதி போதாது. திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவர்களுக்கு அது சிரமம். ஃபோட்டோஷாப் பழகியவர்களுக்கு மெனுக்கள் முதல் வாரம் எரிச்சலூட்டும். பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள், இரண்டு மூன்று நாளில் வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிடுவார், இன்ஷா அல்லாஹ்.