திண்டுக்கல்ல ஒரு மீட்டப் ஆரம்பிக்க என்ன வேணும்?

இந்த எபிசோட் நம்ம ஊர்ல இருந்து வந்த ஒரு கேள்விக்கான பதில். திண்டுக்கல் பக்கம் இன்ஜினியரிங் மூணாவது வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, மீட்டப், கான்ஃபரன்ஸ் எல்லாமே சென்னை, பெங்களூருலதான் நடக்குது. வீட்ல அவ்வளவு தூரம் தனியா அனுப்ப மாட்டாங்க. அப்போ எனக்கு கம்யூனிட்டியே கிடையாதா?"

நியாயமான கேள்விதான். திண்டுக்கல்லுல இருந்து சென்னை 400 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு மணி நேர மீட்டப்புக்கு ஒரு ராத்திரி போக, ஒரு ராத்திரி வர. டிக்கெட், சாப்பாடு, வீட்ல அனுமதி. சென்னையில இருக்கிற பையன் பஸ் ஏறிப் போயிட்டு வர்ற விஷயத்துக்கு இவங்க இவ்வளவும் பண்ணணும். கடைசியில வேலைக்கு ரெஃபரல் யாருக்குக் கிடைக்குதுன்னு பார்த்தா, அந்த ரூம்ல இருந்தவங்களுக்குத்தான். அதனால இது வெறும் பொழுதுபோக்கு சமாச்சாரம் இல்ல.

முதல்ல, கம்யூனிட்டின்னா என்னன்னு பிரிச்சுப் பார்ப்போம். அதுல மூணு அடுக்கு இருக்கு.

முதல் அடுக்கு, மாசாந்திரக் கூட்டம். சென்னையில 'ஐலக்-சி'ன்னு சுருக்கமா சொல்ற லினக்ஸ் பயனர் குழு 1998ல ஆரம்பிச்சது. பல வருஷமா மாசத்தோட ரெண்டாவது சனிக்கிழமை ஐஐடி மெட்ராஸ்ல ஒரு சாதாரண வகுப்பறையில கூடினாங்க. கட்டணம் கிடையாது. யாராவது தனக்குத் தெரிஞ்ச ஒண்ணைப் பத்திப் பேசுவாங்க, மத்தவங்க கேள்வி கேப்பாங்க. சென்னை பைதான் குழுவான 'சென்னைபை'யும் இதே மாதிரிதான், அவங்களுக்கு நாலாவது சனிக்கிழமை. தேதி மாறாம இருக்கிறதுதான் இதுல சூட்சுமம். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்ல, வர்றவங்க வந்துடுவாங்க.

ரெண்டாவது அடுக்கு, வருஷாந்திர கான்ஃபரன்ஸ். பைகான் இந்தியாவோட முதல் மாநாடு 2009ல பெங்களூரு ஐஐஎஸ்சியில நடந்துச்சு. 2019ல சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு வந்துச்சு. நடத்துறது தன்னார்வலர்கள். பேச விரும்புறவங்க ஒரு முன்மொழிவு அனுப்பணும். அதை மாநாட்டுத் தளத்துல யார் வேணும்னாலும் படிக்கலாம், கருத்து சொல்லலாம். மேடையை விட எனக்குப் பிடிச்சது 'டெவ் ஸ்பிரிண்ட்'. ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டைப் பராமரிக்கிறவங்க பக்கத்துலயே உட்கார்ந்து, சின்னதா ஒரு பிழையைத் திருத்தி, முதல் புல் ரெக்வெஸ்ட் அனுப்பிட்டு எழுந்திருக்கலாம்.

மூணாவது அடுக்கு மென்டரிங். இதுதான் அஸ்திவாரம். இதுக்குப் பெரிய ஊர் தேவையே இல்ல.

ரெண்டு உதாரணம் சொல்றேன். கென்னத் கோன்சால்வஸ் பேரு இப்போ படிக்கிற பல பேருக்குத் தெரியாது. ஊட்டியில வாழ்ந்தவர். இந்தியாவுல பைதானுக்குன்னு ஒரு சங்கம் அமைச்சு அதுக்குத் தலைவரா இருந்தார். பைகான் இந்தியா உருவாகக் காரணமானவங்கள்ல ஒருத்தர். பைதான், ஜாங்கோ கத்துக்குடுக்க ஊர் ஊரா போனவர். 2012ல இறந்துட்டார். அதே வருஷம் அவர் பேர்ல ஒரு விருது ஏற்படுத்தினாங்க. ஐடி பார்க் இல்லாத ஒரு மலை ஊர்ல இருந்துதான் இவ்வளவையும் பண்ணியிருக்கார்.

இன்னொண்ணு விழுப்புரம். அங்க 2013ல ஆரம்பிச்ச குனு லினக்ஸ் பயனர் குழு, 'விக்லக்'. கிராமத்துல இருந்து வர்ற மாணவர்களுக்கு இலவசமா லினக்ஸும் புரோகிராமிங்கும் சொல்லிக் குடுக்குறாங்க. விழுப்புரம் நம்ம திண்டுக்கல்லை விடப் பெரிய ஐடி ஊரெல்லாம் கிடையாது. விடாம நடத்த அங்க நாலு பேர் இருந்தாங்க, அவ்வளவுதான்.

சரி, மென்டர் என்னதான் பண்ணுவார்? நம்ம ஊர்ப் பூட்டுப் பட்டறையை நினைச்சுக்கோங்க. பெரியவர் பக்கத்துல உட்கார்ந்து, அவர் அரம் பிடிக்கிறதைப் பார்த்து, நாம ராவினதை அவர்கிட்ட காட்டித்தான் தொழில் பழகணும். நீங்க எழுதின கோடை ஒருத்தர் வரி வரியாப் பார்த்து, "இது ஏன் இப்படி?"ன்னு கேக்குறதும் அதேதான். வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்.

ஆனா கேக்குற விதம் முக்கியம். "அண்ணா, பைதான் சொல்லிக் குடுங்க"ன்னு கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. மூணு விஷயம் எழுதி அனுப்புங்க: நான் என்ன பண்ணேன், என்ன வரும்னு எதிர்பார்த்தேன், என்ன வந்துச்சு. எரர் மெசேஜை முழுசா, எழுத்தாவே ஒட்டுங்க, போட்டோ வேண்டாம். இப்படி வர்ற கேள்விக்கு நான் பஸ்ல போகும்போதே பதில் போட்டுடுவேன். ஒரு எச்சரிக்கையும் சொல்லிடுறேன். வேலை நிச்சயம்னு சொல்லி முன்பணம் கேக்குறவர் மென்டர் இல்ல, வியாபாரி.

இப்போ திண்டுக்கல்லுக்கு வருவோம். நம்மகிட்ட பி.எஸ்.என்.ஏ. இருக்கு, காந்திகிராமப் பல்கலைக்கழகம் இருக்கு, லேப்டாப் வெச்சிருக்கிற பசங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க. ஆரம்பிக்க நாலு பேர் போதும். மாசத்துல ஒரு கிழமையை முடிவு பண்ணுங்க, மாத்தாதீங்க. காலேஜ்ல ஒரு வகுப்பறை கேளுங்க, பகல் நேரத்துல வைங்க. அப்பதான் பொண்ணுங்களும் வீட்ல சொல்லிட்டு வர முடியும். ஒருத்தர் இருபது நிமிஷம் பேசட்டும். இன்னொருத்தர் பேசினதைக் குறிப்பெடுத்து எல்லாருக்கும் அனுப்பட்டும். தமிழ்லயே பேசுங்க. 'கணியம்' தளத்துல 2012ல இருந்து லினக்ஸ், பைதான், மைஎஸ்க்யூஎல்னு தமிழ்ல எழுதி இலவசமாக் குடுத்துட்டு இருக்காங்க, அதை வெச்சே பாதிக் கூட்டம் நடத்தலாம். இடையில சந்தேகம் வந்தா காஞ்சிபுரம் லினக்ஸ் குழுவோட ஞாயித்துக்கிழமை ஆன்லைன் கூட்டத்துல போய் உட்காருங்க, அதுக்கு டிரெய்ன் டிக்கெட் தேவையில்ல.

மூணாவது மாசம் ரெண்டு பேர்தான் வருவாங்க. பரீட்சை, மழை, கல்யாணம்னு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அன்னைக்கும் கூட்டத்தை நடத்துங்க. ஒரு குழு நிக்குமா நிக்காதாங்கிறது அந்த மாசத்துலதான் முடிவாகுது.

தங்கச்சி, முதல் கூட்டத்துக்குத் தேதி வெச்சுட்டு எனக்கு மெசேஜ் போடும்மா. முதல் இருபது நிமிஷம் நான் பேசுறேன், கிட் எப்படி வேலை செய்யுதுன்னு. ரெண்டாவது கூட்டத்துல நீதான் பேசணும்.